எந்தக் குழாய்?

சனிக்கிழமை காலை, வல்பராய்சோ.
குன்றின் பாதி உயரத்தில் எங்கள் மன்றம்,
முன்பு ரொட்டிக்கடையாக இருந்த ஒற்றை அறை.
அடுப்பின் வாய் இன்னும் திறந்தே கிடக்கிறது,
அதற்குள்தான் பந்துகளை அடுக்குகிறோம்.

விகிதம் நடத்தப் போயிருந்தேன்.
கையில் பதினெட்டுத் தாள்,
வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் நான்கு பேர் காலை உணவுக்காக.
சொல்லிவிட்டே வந்தார்கள், எனக்கு வருத்தமில்லை.

"ஒரு தொட்டி நிரம்ப ஆறு மணி நேரம் ஆனால்…"
"எந்தத் தொட்டி?" என்றாள் மில்லரை.
ஏதோ ஒரு தொட்டி.
"எந்தக் குழாய்?"
ஏதோ ஒரு குழாய் என்றேன்.
"முதலில் அதில் தண்ணீர் வருமா?"

பிப்ரவரியில் அவள் வீடு எரிந்தது.
வண்டி வந்தது, ஆட்கள் வந்தார்கள்,
தீயணைப்புக் குழாயும் இருக்கவே இருந்தது
படிக்கட்டின் முனையில், மஞ்சளாய், விறைப்பாய்.
திருகினார்கள்.
பெருமூச்சு விட்டது.
அவ்வளவுதான்.

பதினெட்டுத் தாளையும் பையில் வைத்தேன்.
பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை, உண்மையாகவே.
யெர்கோதான் எழுந்து கதவருகே போய் நின்றான்.
எரிவாயு உருளை சுமப்பவன்,
விகிதத்தில் இருமுறை தோற்றவன்.
"மேல் சந்துக்கு நூற்றுப் பதினான்கு படி,
எழுபதாவது உடைந்திருக்கும், பார்த்து வாங்க."

ஏப்ரல் முழுக்க ஏறினோம்.
தொண்டர் படையிலிருந்து ஒருத்தி
திருகுசாவியோடு கூட வந்தாள்;
நாங்கள் தொடக்கூடாதாம், எண்ண மட்டும் செய்யலாமாம்.
எண்ணினோம். குன்றில் இருபத்து மூன்று.
ஒன்பதில் வெறும் காற்று.
ஒன்றில் ஒரு சிலந்தி, அதையும் குறித்துக்கொண்டார்கள்.

வரைபடம் தயார். யாரிடம் காட்டுவது?
சுவரில் ஒட்டினோம், மழை தின்றது.
வறண்ட குழாய்க்குச் சிவப்பு அடிக்கலாம் என்றான் ஒருவன்.
சாயத்துக்கு அபராதம் உண்டு.
கம்பளிக்கு இல்லை,
தமாரிஸ் விதிப்புத்தகத்தை இரவெல்லாம் புரட்டியிருந்தாள்.

அப்படித்தான் வந்தது தொப்பி.
தண்ணீர் இல்லாத தலைக்கெல்லாம் ஒரு கம்பளித் தொப்பி.
தொலைபேசியில் காணொளி பார்த்துப் பின்னினார்கள்,
நிறுத்தி, பின்னால் ஓட்டி, கெட்ட வார்த்தை சொல்லி, மறுபடி.
நானும் பின்னினேன். என்னுடையது காலுறை போல வந்தது.
சிரித்து முடிக்க அவர்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"தலையின் சுற்றளவு எழுபது சென்டிமீட்டர்,
பத்துக்குப் பதினாறு கண்ணி. எத்தனை போட?"
"நூற்றுப் பன்னிரண்டு," என்றான் யெர்கோ,
நூலிலிருந்து கண் எடுக்காமல்.
அடேய், இதுதானடா அது
என்று சொல்ல வாய் வரை வந்தது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
இன்றும் தெரியவில்லை, சரியா தப்பா.

ஊர் கேட்கத் தொடங்கியது.
இதுக்கு மட்டும் ஏன் குளிருது?
மீன் வாங்கப் போனவர்கள் கேட்டார்கள்,
படம் பிடித்தவர்கள் கேட்டார்கள்,
ஆகஸ்டில் தண்ணீர்க் கம்பெனி வந்து
மூன்றைச் சரிசெய்தது. தொப்பியைக் கழற்றி
மில்லரையிடம் ஒன்று கொடுத்தோம். போட்டுக்கொண்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

நிதி கொடுத்தவர்களின் படிவத்தில்
'அடைந்த பயன்' என்று இரண்டு விரல் அகலக் கட்டம்.
ஒன்பது தொப்பி என்று எழுதினேன்.
விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது.

நவம்பரில் தேர்வு.
நான்காம் கேள்வி: ஒரு குழாய் ஒரு தொட்டியை…
யெர்கோ எழுதிய விடை ஒரே வரி:
எந்தக் குழாய்?
மூன்றாம் முறையும் தோற்றான்.

அந்தத் தாளைத் திருத்தியது நானில்லை.
நானாக இருந்திருந்தால்?
பேனாவை மூடி வைத்துவிட்டு
வெளியே போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.
வெளியே இன்னும் ஆறு தொப்பி,
வெயிலில் நிறம் போய்,
என் காலுறையும் அதில் ஒன்று.